அடுக்குப் பாறையாக மாறுவதற்கு முன் அந்த மாக்மா எப்படி இருந்தது?

நிலவியல் முதுகலை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்ட் மாதிரியான அடுக்குத் தீப்பாறைகளில், அடியிலிருந்து உச்சிவரை ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு வேதிக் கலவையோடு இருக்கிறது. அப்படியானால் முதலில் வந்து நிரம்பிய மாக்மாவின் கலவையை எப்படிக் கண்டுபிடிப்பது? விளிம்பில் சட்டென்று குளிர்ந்த பாறையை எடுத்துப் பகுப்பாய்வு செய்தால் போதும் என்று படித்தேன். எங்கள் ஆசிரியர் அதை நம்பாதே என்கிறார். எது சரி? நம் சித்தம்பூண்டியில் இதைச் செய்து பார்க்க முடியுமா?"

உங்கள் ஆசிரியர் சொன்னதுதான் சரி. ஆனால் விளிம்புப் பாறையைத் தூக்கி எறியவும் வேண்டாம். அதைச் சாட்சிகளில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு ஒரே சூத்திரத்தில் பதில் கிடையாது.

முதலில் உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாத்தியில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சம் படியும், அப்புறம் சமையல் உப்பு படியும், கடைசியில் மெக்னீசியம் நிறைந்த கசப்பு நீர் மிஞ்சும். ஒருவர் கையில் ஒரு பிடி ஜிப்சத்தை மட்டும் கொடுத்து 'கடல்நீரின் கலவை என்ன?' என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஜிப்சம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, வெளியே விட்ட கசப்பு நீர் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சரியான விகிதத்தில் திரும்பச் சேர்த்தால்தான் கடல்நீர் கிடைக்கும். அடுக்குத் தீப்பாறையும் அப்படித்தான். ஒவ்வோர் அடுக்கும் மாக்மாவிலிருந்து பிரிந்து குவிந்த படிகங்களின் தொகுப்பு. அதைத்தான் குமுலேட் என்கிறோம். குமுலேட்டின் கலவை ஒருபோதும் அது பிறந்த திரவத்தின் கலவை ஆகாது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'மூல மாக்மா' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம்? நிலத்தடி மாக்மா அறைக்குள் வந்து நிரம்பிய மொத்தப் பொருளையா? அதில் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்த படிகங்களைக் கழித்தபின் இருந்த திரவத்தை மட்டுமா? அல்லது புவி ஓட்டுக்குக் கீழே உள்ள மேன்டிலில் உருகியபோது இருந்த ஆதி உருகலையா? மூன்றும் வேறு வேறு. அடுக்குகளைக் கூட்டிப் பார்த்தால் கிடைப்பது முதலாவது. ஆலிவின் என்ற இரும்பு–மெக்னீசியக் கனிமத்தை வைத்துக் கணக்கிட்டால் கிடைப்பது இரண்டாவது. இரண்டும் ஒத்துவரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பல நேரம் அவர்கள் இரண்டு வேறு கேள்விகளுக்கு விடை தேடிக்கொண்டிருப்பார்கள்.

இனி ஸ்கேர்கார்டுக்கு வருவோம். இந்தத் துறையின் சண்டைகளில் பாதி அங்கேதான் நடந்தது. கிழக்கு கிரீன்லாந்தில் கங்கெர்லுஸ்ஸுவாக் ஃபியோர்டின் வாயருகே, சுமார் 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்து புகுந்த மாக்மா அது. 1930இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வுப் பயணத்தின்போது நிலவியலாளர் லாரன்ஸ் வேஜர் அதைக் கண்டார். (1933இல் ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்டின் 8,500 மீட்டருக்கு மேல் ஏறியவரும் இதே வேஜர்தான்.) 1935–36இல் குளிர்காலத்தையும் அங்கேயே கழித்து வரைபடம் தயாரித்தார்கள். 1939இல் அவரும் வில்லியம் டீயரும் வெளியிட்ட விரிவான அறிக்கை, ஒரு மாக்மா மூடிய அறைக்குள் படிப்படியாகப் படிகமாவதற்கான பாடநூல் உதாரணமாகவே ஆகிவிட்டது.

அந்த உதாரணம் ஏன் இவ்வளவு பிடித்துப்போனது என்று புரிந்துகொள்ள அடுக்குகளின் வரிசையைப் பார்க்க வேண்டும். கீழ் மண்டலத்தின் அடிப்பகுதியில் பிளேஜியோகிளேஸும் (அலுமினியம் நிறைந்த வெளிர் கனிமம்) ஆலிவினும். சற்று மேலே ஆகைட் என்ற கருங்கனிமம் சேர்ந்துகொள்கிறது. அதற்கு மேலே மேக்னடைட், இல்மனைட் என்ற இரும்பு, டைட்டானிய ஆக்சைடுகள். நடு மண்டலத்தில் ஆலிவின் காணாமல் போகிறது. மேல் மண்டலத்தில் இரும்பு மிகுந்த ஆலிவினாகத் திரும்பி வருகிறது. பிறகு பாஸ்பரஸ் கனிமமான அப்பாடைட். உச்சியை நெருங்கும்போது ஆலிவினில் மெக்னீசியமே கிட்டத்தட்ட இல்லை, முழுக்க இரும்பு. கூரையிலிருந்து கீழ்நோக்கி வளர்ந்த தொகுதியும் தரையிலிருந்து மேல்நோக்கி வளர்ந்த தொகுதியும் சந்திக்கும் இடத்துக்கு 'சாண்ட்விச் அடிவானம்' என்றே பெயர். ஒரு மாக்மாவின் முழு வாழ்க்கையும் ஒரே மலைச்சரிவில் எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

வேஜரும் டீயரும் மூலக் கலவைக்கு எடுத்துக்கொண்டது விளிம்பில் கிடைத்த நுண்மணிக் கேப்ரோ என்ற கருந்தீப்பாறையை. குளிர்ந்த சுவரைத் தொட்டதுமே மாக்மா உறைந்துவிட்டது, படிகங்கள் பிரிந்து போக நேரமில்லை, ஆகவே இதுதான் மூலக் கலவை என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. அந்த மாதிரியில் அலுமினியம் ஆக்சைடு சுமார் 17 சதவீதம், டைட்டானியம் ஆக்சைடு ஒன்றேகால் சதவீதத்துக்கும் குறைவு, பாஸ்பரஸ் ஆக்சைடு சுமார் 0.1 சதவீதம். அந்த எண்களை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

விளிம்புப் பாறையில் என்ன தவறு நடக்கும்? முதலாவது, சுவர்ப் பாறை. ஸ்கேர்கார்டின் ஒரு பக்கம் நைஸ் என்ற பழைய உருமாறிய பாறை, இன்னொரு பக்கம் பசால்ட் லாவா. நைஸ் கொஞ்சம் உருகிக் கலந்தாலே சிலிக்காவும் பொட்டாசியமும் ஏறிவிடும். இரண்டாவது, வந்த திரவம் படிகங்களைச் சுமந்து வந்திருக்கலாம், அல்லது விளிம்பில் மெதுவாகப் படிகங்கள் ஒட்டிச் சேர்ந்திருக்கலாம். பிளேஜியோகிளேஸ் கூடுதலாகச் சேர்ந்தால் அலுமினியம் உயரும், அந்தக் கனிமம் விரும்பி ஏற்கும் யூரோப்பியம் என்ற அருமண் தனிமமும் அண்டைத் தனிமங்களைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். யூரோப்பியம் அப்படி நிற்கும் ஒரு 'உறைந்த விளிம்பை' யாராவது காட்டினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். மூன்றாவது, சுவரை முதலில் தொட்டது முதல் வாய் மாக்மா; அறையை நிரப்பிய பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்ததாக இருக்கலாம். நுண்மணியாக இருக்கிறது என்பதாலேயே ஒரு பாறை திரவமாக இருந்தது என்று ஆகிவிடாது. பிற்காலத்தில் ஸ்கேர்கார்டின் விளிம்புகளை மறுபடி தேடிப் பார்த்தபோது, இரும்பும் டைட்டானியமும் வேஜரின் மாதிரியைவிட மிக அதிகமாக உள்ள உறைந்த விளிம்புகளும் கிடைத்தன. ஒரே பாறையின் விளிம்பே இரண்டு கதை சொல்கிறது என்றால் எதை நம்புவது?

அதனால்தான் கூட்டல் கணக்கு. ஒவ்வொரு மண்டலத்தின் சராசரிக் கலவையை அதன் நிறைப்பங்கால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கொள்கை அவ்வளவுதான். ஆனால் வேலை முழுக்க அந்த 'நிறைப்பங்கு' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது.

கையால் போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரே தடிப்புள்ள மூன்று மண்டலங்கள்; மெக்னீசியம் ஆக்சைடு கீழே 10, நடுவில் 6, மேலே 2 சதவீதம் என்று வையுங்கள். அறை பெட்டி வடிவம் என்றால் மூன்றுக்கும் சம பங்கு, சராசரி 6 சதவீதம். அதே அறை புனல் வடிவம், முனை கீழே, என்றால் மூன்று மண்டலங்களின் கன அளவு 1, 7, 19 என்ற விகிதத்தில் வரும். இப்போது கூட்டுங்கள்: 10, அதோடு 42, அதோடு 38, மொத்தம் 90; அதை 27ஆல் வகுத்தால் 3.3 சதவீதம். பாறை ஒன்றுதான், பகுப்பாய்வும் ஒன்றுதான். வடிவத்தை மாற்றியதும் மெக்னீசியம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. அடர்த்தியையும் சேர்க்க வேண்டும். இரும்பு மிகுந்த மேல் கேப்ரோ, அடியில் உள்ள கேப்ரோவைவிடக் கனமானது. கன அளவை நிறையாக மாற்றாமல் கூட்டினால் அங்கேயும் பிழை வரும்.

இது கற்பனைக் கணக்காக மட்டும் நின்றுவிடவில்லை. வேஜர் ஸ்கேர்கார்டைப் புனல் வடிவமாகத்தான் நினைத்தார். அது மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் அடுக்குகளுக்குக் கீழே பாதிக்கும் மேற்பட்ட பாறை புதைந்து கிடக்கிறது என்றும் கணித்தார். 'மறைந்த மண்டலம்' என்பது அதற்கு வைத்த பெயர். எப்படிக் கணித்தார்? விளிம்புப் பாறையை மூலக் கலவையாக வைத்து, தெரியும் அடுக்குகளைக் கழித்து, மீதியைப் புதைந்த பகுதிக்குக் கொடுத்தார். அதாவது மூலக் கலவை தெரிந்தால் மறைந்த மண்டலம் கிடைக்கும். மறைந்த மண்டலம் தெரிந்தால் மூலக் கலவை கிடைக்கும். ஒன்றை வைத்து இன்னொன்றை நிரூபித்தால் அது வட்டத்தில் சுற்றுவதுதான். இதை வேஜரின் குறையாகச் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் வேறு வழி இல்லை. ஆனால் அந்த வட்டத்தை உடைக்க வெளியிலிருந்து ஒரு தகவல் வேண்டியிருந்தது.

அது ஈர்ப்பு அளவீட்டிலிருந்தும் அமைப்பியல் வரைபடங்களிலிருந்தும் வந்தது. கீழே அவ்வளவு கனமான பாறை ஒளிந்திருந்தால் ஈர்ப்பு மானி காட்டியிருக்க வேண்டும், காட்டவில்லை. 2004இல் நிலவியலாளர் ட்ரோல்ஸ் நீல்சன் எல்லாவற்றையும் சேர்த்து, பிளவுகளுக்கு நடுவே அமைந்த கிட்டத்தட்டப் பெட்டி போன்ற ஒரு வடிவத்தை முன்வைத்தார். கன அளவு சுமார் 280 கன கிலோமீட்டர். மறைந்த மண்டலம் சிறியதாகச் சுருங்கிவிட்டது. அந்தப் பங்குகளோடு கூட்டியபோது வந்த மூலக் கலவை இரும்பும் டைட்டானியமும் நிறைந்த பசால்ட். டைட்டானியம் ஆக்சைடு வேஜரின் விளிம்பு மாதிரியைப்போல் இரு மடங்குக்கும் மேல். அதே காலத்தில் அந்தப் பகுதியில் பீறிட்ட பீடபூமி லாவாக்களோடு அது நன்றாகப் பொருந்தியது. கூட்டலும் லாவாவும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்ததுதான் இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மாதிரி எடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் மாணவனாக இருந்தபோது ஓர் அடுக்குப் பாறையில் மூன்று நாள் மாதிரி சேகரித்தேன். வெளிர் பட்டைகள் உறுதியாக இருந்தன, சுத்தியலுக்கு நல்ல துண்டாக வந்தன. கருமையான பட்டைகள் வெயிலிலும் மழையிலும் சிதைந்து உதிர்ந்தன. அவற்றைக் குறைவாகவே எடுத்தேன். சராசரி போட்டபோது அலுமினியம் எங்கேயோ போய்விட்டது. மறுபடி போய், ஒரு நூலைப் பட்டைகளுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டி, வெளிர் எத்தனை சென்டிமீட்டர், கருமை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்த பிறகுதான் கணக்கு நேரானது. ஒரு கைப்பிடி மாதிரி ஒரு மண்டலத்துக்குச் சாட்சி ஆகாது. ஸ்கேர்கார்டில் 1980களின் பிற்பகுதியில் தங்கம், பல்லேடியம் தேடித் துளையிட்டபோது கிடைத்த நீண்ட உருளை மாதிரிகள் அதனால்தான் இவ்வளவு பயன்பட்டன: மீட்டர் விடாமல் தொடர்ச்சியாக இருக்கும்.

சரி, கூட்டலை எப்படிச் சோதிப்பது? எனக்குப் பிடித்த சோதனை பாஸ்பரஸ். அப்பாடைட் படிகமாகத் தொடங்கும்வரை பாஸ்பரஸுக்குப் போக்கிடம் இல்லை. பிளேஜியோகிளேஸோ ஆலிவினோ ஆகைட்டோ அதைப் பெரிதாக ஏற்றுக்கொள்ளாது. ஆகவே மாக்மா சுருங்கச் சுருங்க மிச்சத் திரவத்தில் அது செறிந்துகொண்டே போகும். அப்பாடைட் தோன்ற, உதாரணத்துக்கு, திரவத்தில் 1.5 சதவீதம் வேண்டும் என்று வையுங்கள். தொடக்கத்தில் 0.1 சதவீதம்தான் இருந்தது என்றால் 15 மடங்கு செறிய வேண்டும். அதாவது 7 சதவீதத்துக்கும் குறைவான திரவம் மிஞ்சியிருக்கும்போதுதான் அப்பாடைட் வரும். தொடக்கத்தில் 0.3 சதவீதம் என்றால் 5 மடங்கு போதும், 20 சதவீதம் மிஞ்சியிருக்கும்போதே வந்துவிடும். இப்போது மலையைப் பாருங்கள்: அப்பாடைட் கோட்டுக்கு மேலே எவ்வளவு பாறை இருக்கிறது? மறைந்த மண்டலம் பெரிதாக இல்லை என்று ஒப்புக்கொண்டால், வேஜரின் 0.1 சதவீதம் அந்தப் பாறைக்கு ஈடுகொடுக்காது. படிகங்களுக்கு இடையில் சிக்கிக்கொண்ட திரவம் கொஞ்சம் பாஸ்பரஸைக் கீழேயே பிடித்து வைத்திருக்கும், அதற்குத் திருத்தம் செய்ய வேண்டும். திருத்தம் செய்தாலும் முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மாறாது.

மூலக் கலவையில் இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். ஏனென்றால் பின்னால் வரும் எல்லாத் திரவங்களையும் மூலத்திலிருந்து அடுக்குகளைக் கழித்துத்தான் பெறுகிறோம், பிழையோ கடைசித் திரவத்தின் தலையில் போய்க் குவிகிறது. மூலக் கலவையில் சிலிக்காவை வெறும் அரை சதவீதம் தவறாக எடுத்தீர்கள் என்று வையுங்கள். 5 சதவீதத் திரவம் மிஞ்சும் கட்டத்தில் அதே பிழை 10 சதவீதமாக வளர்ந்து நிற்கும். ஸ்கேர்கார்டின் மிச்சத் திரவம் இரும்பில் மட்டும் செறிந்துகொண்டே போனதா, இல்லை மேக்னடைட் வந்தபின் சிலிக்காவுக்குத் திரும்பியதா என்று 1980களின் கடைசியில் பெரிய விவாதம் நடந்ததே, அதன் வேரில் இந்தப் பெருக்கமும் இருந்தது.

அடுத்தது கனிமத்திலிருந்து திரவத்துக்குப் போகும் வழி. ஆலிவினுக்கும் பசால்ட் திரவத்துக்கும் இடையே இரும்பும் மெக்னீசியமும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதம் கிட்டத்தட்ட மாறாதது, சுமார் 0.30. 1970இல் ரோடரும் எம்ஸ்லியும் சோதனையில் காட்டியது இது. ஃபோர்ஸ்டரைட் (ஆலிவினின் மெக்னீசியப் பங்கு) 82 சதவீதம் உள்ள ஆலிவின் என்றால், 18ஐ 82ஆல் வகுத்து, வந்ததை 0.30ஆல் வகுத்தால் திரவத்தின் இரும்பு–மெக்னீசிய விகிதம் 0.73. மெக்னீசிய எண்ணாக (இரும்பும் மெக்னீசியமும் சேர்ந்த மொத்தத்தில் மெக்னீசியத்தின் சதவீதம்) சொன்னால் 58. மிக எளிது. ஆனால் அந்த ஆலிவின் பிறந்தபடியே இருக்கிறதா? படிகங்களுக்கு நடுவே சிக்கிய திரவம் குளிரும்போது தன் இரும்பை ஆலிவினுக்குக் கொடுத்துவிடும். 82 ஆக இருந்தது 78 ஆகிவிட்டால், அதே கணக்கு மெக்னீசிய எண்ணை 51 அல்லது 52 என்று காட்டும். உண்மையைவிட மிகவும் பரிணமித்த, அதாவது ஏற்கெனவே நிறையப் படிகங்களை இழந்த, ஒரு மாக்மாவை நீங்கள் எழுதிவைத்திருப்பீர்கள். அதனால் ஆலிவின் நிறைய உள்ள, இடைவெளித் திரவம் குறைவாக உள்ள பாறைகளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும்: தனித்தனி ஆலிவின் மணிகளுக்கு இடையே அகலமான ஆகைட் திட்டுகளும் மைக்காவும் அப்பாடைட் ஊசிகளும் நிரம்பியிருந்தால் அங்கே நிறையத் திரவம் சிக்கியிருந்திருக்கிறது, அந்தச் சீவலை ஒதுக்கி வையுங்கள். மணிகள் ஒன்றோடொன்று முட்டிப் பொருந்தி நின்றால் நம்பிக்கையோடு அளக்கலாம்.

அருகில் உள்ள டைக்குகள் (விரிசலில் புகுந்து உறைந்த மாக்மாச் சுவர்கள்), படிகங்களுக்குள் அடைபட்ட உருகல் துளிகள் எல்லாமே கூடுதல் சாட்சிகள். துளிகள் ஸ்கேர்கார்டில் வேறொரு விஷயத்தைக் காட்டின: பிற்காலத் திரவம் இரும்பு மிகுந்ததும் சிலிக்கா மிகுந்ததுமாக, எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இவற்றையெல்லாம் வைத்து ஒரு கலவையை முன்மொழிந்த பிறகு, அதை உலையில் உருக்கியோ மெல்ட்ஸ் போன்ற மென்பொருளில் ஓட்டியோ பார்க்க வேண்டும். கனிமங்கள் மலையில் உள்ள அதே வரிசையில் வருகின்றனவா? ஸ்கேர்கார்டில் பிளேஜியோகிளேஸும் ஆலிவினும் முதலில் வந்து, ஆகைட் அடுத்ததாக வந்து, மேக்னடைட் அதற்கும் பிறகுதான் வர வேண்டும். உங்கள் கலவை மேக்னடைட்டை முன்னதாகவே கொண்டுவந்தால், ஆக்சிஜன் நிலையைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள் அல்லது கலவையே தவறு.

இதுவரை சொன்னதெல்லாம் மூடிய அறைக்கு. தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்ட் போன்ற பேருருக்களில் இந்தக் கணக்கு அப்படியே ஓடாது. அங்கே பல தடவை மாக்மா வந்திருக்கிறது. ஸ்ட்ரான்சியத்தின் ஐசோடோப் விகிதம் மேலே போகும்போது தெளிவாகத் தாவுகிறது, ஒரே மாக்மா படிகமானால் அது தாவாது. குரோமியக் கனிமமான குரோமைட்டின் அடுக்குகளில் உள்ள குரோமியத்தைத் தர, அங்கே இப்போது இருக்கும் பாறை அளவுக்கான திரவம் போதாது. சிர்கோனியம் போன்ற, படிகங்களில் ஒட்டாமல் திரவத்திலேயே தங்கும் தனிமங்களோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஆக, படிகத்தை விட்டுவிட்டுத் திரவம் வெளியேறியிருக்கிறது. உப்பளத்தில் கசப்பு நீரைத் திறந்துவிட்டது மாதிரி. இங்கே அடுக்குகளைக் கூட்டினால் கிடைப்பது மிஞ்சியிருக்கும் பாறையின் சராசரி, எந்த மாக்மாவின் கலவையும் அல்ல. அதனால் புஷ்வெல்டில் சுற்றியுள்ள சில்களையும் (பாறைப் படுகைகளுக்கு இடையே புகுந்து உறைந்த மாக்மாத் தகடுகள்) விளிம்புப் பாறைகளையும் ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனி மூலமாகப் பொருத்திப் பார்க்கிறார்கள். அங்கே விளிம்புப் பாறைக்கு ஸ்கேர்கார்டைவிட அதிக மதிப்பு இருக்கிறது.

கடைசியாக சித்தம்பூண்டி. நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் அந்த அனார்த்தோசைட் (பெரும்பாலும் பிளேஜியோகிளேஸால் ஆன பாறை) தொகுதியை 1956இல் ஏ. பி. சுப்பிரமணியம் விரிவாக விவரித்தார். சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண் போலச் செய்ய இஸ்ரோ எடுத்ததும் அந்தப் பாறையைத்தான். ஆனால் அது சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு, ஆழத்துக்குப் போய் கிரானுலைட் எனப்படும் மிகு வெப்ப உருமாற்ற நிலையில் வெந்து, மடிந்து திரும்பிய பாறை. நம்பக்கூடிய உறைந்த விளிம்பு இல்லை. மடிப்பில் தடிப்புகள் மாறிவிட்டதால் கூட்டல் கணக்குக்கு வேண்டிய நிறைப்பங்கும் கிடைக்காது. பைராக்சின் (ஆகைட் வகைக் கனிமம்) பெரும்பாலும் ஆம்பிபோலாகவும் கார்னெட்டாகவும் மாறியிருப்பதால் இரும்பு–மெக்னீசிய விகிதத்தை நேரடியாக நம்ப முடியாது. மிஞ்சுவது குரோமைட். அதில்கூட இரும்பும் மெக்னீசியமும் பக்கத்துக் கனிமங்களோடு இடம் மாறியிருக்கும். அலுமினியம், குரோமியம், டைட்டானியம் மூன்றும் அவற்றைவிட மெதுவாக நகர்பவை. ஆகவே ஆம்பிபோல் அதிகம் சூழாத, தடித்த குரோமைட் பட்டையின் நடுவிலிருந்து மணிகளை எடுங்கள். ஒவ்வொரு மணியிலும் மையத்தையும் ஓரத்தையும் தனித்தனியாக அளந்து, இரண்டும் ஒன்றாக இருக்கும் மணிகளை மட்டும் கணக்கில் சேருங்கள். அதிலிருந்து திரவத்தின் அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் மதிப்பிடலாம். சிலிக்காவையோ மெக்னீசியத்தையோ அதே மணியிலிருந்து கறக்க முயற்சி செய்ய வேண்டாம். ஆய்வேட்டில் இரண்டு ஆக்சைடுக்கு மட்டும் எண் கொடுத்து மற்ற இடத்தை வெறுமையாக விட்டாலும் தப்பில்லை.